மை கம்மியான காகிதம்

முறத்தில் கிடந்த முத்திரையைத்தான் முதலில் பார்த்தேன். மக்காச்சோளக் கட்டையின் வெட்டுத் துண்டுகள், சணல் பிசிறுகள், அவற்றுக்கு நடுவே பொன்னிறத்தில் ஒரு வட்டம். சுற்றிலும் கத்தரிக்கோலால் பிசிறில்லாமல் வெட்டி எடுத்திருந்தது. எங்கேயோ பார்த்த வட்டம் போலிருக்கிறதே என்று குனிந்து எடுத்தேன். விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் ஓடியது. நான் படித்த பல்கலைக்கழகம்.

அப்புறம்தான் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தேன்.

அந்தக் கூண்டை வாங்கி வந்தவன் நான். அதற்குள் எது தொங்கலாம், எது கூடாது என்று சட்டம் போட்டவனும் நான். ஆகவே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, களை வெட்டப் போன இடத்தில் வரப்பு வழுக்கி அம்மா விழுந்தாள். காலில் எலும்பு முறிவு. கள்ளக்குறிச்சியில் மாவுக்கட்டு போட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று அனுப்பினார்கள். விடிந்தால் வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவள் அம்மா. எங்கள் வீட்டுக்குள் மத்தியான வெயில் எந்தச் சுவர் வரை வரும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். அப்பா ஒரு நிலக்காரர் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் கரும்பு வெட்டுகிறவர். பருவம் வந்தால் ஆட்களோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விடுவார், சில வருடம் அதைவிடத் தொலைவு. என் பட்டம் வீட்டுக்கு வந்த அன்றுதான் கரும்பு வெட்டும் கத்தியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். “இத்தோட செரி” என்றார். முதுகு போய்விட்டிருந்தது.

பகலெல்லாம் அம்மா தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுக்காமல் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தேன். ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

அப்பா கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார். “இது கறிக்கும் ஆவாது, முட்டைக்கும் ஆவாது. இத்த வெச்சிகினு இன்னா பண்றது?”

“நீ கூடத்தான் ரெண்டுக்கும் ஆவாத ஆளு. ஒன்ன வெச்சிகினு இல்லியா நானு?” என்றாள் அம்மா. விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு மாதத்தில் பச்சை, நீலத்தின் கழுத்து இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. கடைக்காரரிடம் கேட்டேன். சும்மாவே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் செய்யும், விளையாடப் பொருள் வேண்டும் என்று ஏணி, மணி, கண்ணாடி என எடுத்துப் போட்டார். எல்லாம் பிளாஸ்டிக். பறவையின் விலையைவிட அதன் பொம்மையின் விலை அதிகம். வேண்டாம் என்று வந்து, செல்போனில் பார்த்து நானே செய்யத் தொடங்கினேன்.

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மக்காச்சோளக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்துச் சணலில் கோத்தோம். முருங்கைக் குச்சியைப் பட்டையோடு குறுக்கே செருகினோம். பறவைகள் பட்டையை உரித்து உரித்துப் போட்டன. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர்களிடம் தினைக் கதிர் வாங்கித் தலைகீழாகக் கட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு தானும் தலைகீழாகத் தொங்கியபடி தின்னும். கொட்டாங்குச்சியில் துளை போட்டு ஊஞ்சல் செய்த அன்று மட்டும் தப்பாகிவிட்டது. இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தீனியே எடுக்கவில்லை.

“எமன் வந்து தொங்கறான்னு நெனச்சிகினு கீதுங்க” என்றாள் அம்மா. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். புதுப் பொருளை இரண்டு நாள் கூண்டுக்கு வெளியே, அவை பார்க்கிற தூரத்தில் மாட்டி வைத்து, பழகிய பிறகு உள்ளே வைத்தாள். கொஞ்ச நாளில் என்னைவிட அவள் கை தேர்ந்துவிட்டது. நான் செய்தால் ஒரு வாரம் ஆகும் பொருளை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்பாள்.

எல்லாவற்றையும்விட அவற்றுக்குப் பிடித்தது காகிதம். விசிறி போல மடித்து நடுவில் சணல் கட்டித் தொங்கவிட்டால் போதும், சர் சர்ரென்று கிழிக்கிற சத்தம் வாசல் வரை கேட்கும். கடையில் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களை எடுத்து வந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோவில், அச்சு மை பறவை வயிற்றுக்கு ஆகாது என்று பார்த்துப் பதறிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். விதி சொல்வதில் எனக்கு அப்போது ஒரு ஆர்வம் உண்டு. ஸ்டேப்ளர் பின் இருந்தால் எடுத்துவிட வேண்டும், பசை கூடாது, பிளாஸ்டிக் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னேன். கடைசியாக, “மை ஜாஸ்தி கீற காயிதம் வேணாம்மா. மை கம்மியா கீறதா பாத்து எடு” என்றேன்.

“எனுக்குப் படிக்கத்தான் தெரியாது. மை தெரியாதா?” என்றாள் அம்மா.

இப்போது முறத்துக்கே வருகிறேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அரை நாள். வருகிற வியாழக்கிழமை எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இரண்டு முறை எழுதித் தவறி மூன்றாம் முறை தேறியிருந்த அரசுத் தேர்வு அது. அசல் சான்றிதழ்கள் அனைத்தும் கொண்டு வர வேண்டும், இல்லையெனில் அனுமதி இல்லை என்று அழைப்பில் தடித்த எழுத்தில் இருந்தது. காகிதங்களை அடுக்கி வைக்கலாம் என்றுதான் சீக்கிரம் வந்தேன்.

கையில் முத்திரையோடு நின்றேன். “அம்மா, இது ஏது?”

“அத்தயா? குப்பையில போடு. அந்த எடத்துல மை ரொம்ப இருந்துச்சி, நீ சொன்னியேன்னு வெட்டி எட்த்துட்டேன்.”

“எதுல இருந்து?”

“ஒம் பொட்டியில ஜவுளிக்கடை பையில காயிதமா வெச்சிகினு கீறியே, அதுல இருந்துதான். பயந்துக்காத. எழுத்து ஜாஸ்தியா கீறது ஒண்ணத்தயும் தொடல. ரொம்ப எழுதி இருந்தா முக்கியமா இருக்கும்னு எனுக்குத் தெரியாதா? ஒண்ணே ஒண்ணு, அட்டையாட்டம் பெருசு, நடுவுல நாலே நாலு வரி. மிச்சம் பூரா வெத்து. அந்த மாரி காயிதம் காசு குத்தாலும் கெடைக்காதுடா. ரெண்டு நாளா கிழிக்குதுங்க, இன்னும் முடியல!”

பெருமையாகத்தான் சொன்னாள்.

பையைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. தேர்வு நுழைவுச்சீட்டின் பின்பக்க விதிமுறைகள், ஏதோ பயிற்சி மையத்தின் விளம்பரத் தாள், செல்போன் வாங்கியபோது வந்த உத்தரவாதத் தாள், அதில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அத்தனையும் ஓரம் மடங்காமல் அடுக்கியிருந்தாள். மதிப்பெண் பட்டியல்கூடப் பத்திரம். பட்டம் மட்டும் இல்லை.

மூன்று வருடம் படித்து முடித்ததும் கொடுக்கிற காகிதத்தில்தான் எழுத்தே கம்மி என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றியதே இல்லை. அதை லேமினேட் செய்யக்கூடாது, செய்தால் செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பி அப்படியே வைத்திருந்தேன். தினமும் பத்து பேருடையதை லேமினேட் செய்து கொடுக்கிறவன்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. காதுக்குள் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். கூண்டில் பச்சை என்னைப் பார்த்தது. அதன் அலகில் “தேர்ச்சி” என்பதில் பாதி.

“அது என் டிகிரிம்மா” என்றேன்.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அது போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு தரையோடு நகர்ந்து போய்க் கூண்டுக்குள் கையை விட்டாள். நீலம் அவள் விரலைப் பிடித்துக் கடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறியது, எச்சத்தில் ஒட்டியது என்று ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தன் முந்தானையில் வைத்தாள். பத்தொன்பது துண்டு. விரலில் ரத்தம் இருந்ததால் காகிதத்தில் படாமல் மற்றக் கையால் என்னிடம் நீட்டினாள். “ஒட்டித் தரட்டாடா? சோத்துப் பசையில ஒட்டலாமா?” என்று கேட்டாள். வாங்கி ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினேன்.

பொழுது சாய அப்பா வந்தார். “இன்னா, ரெண்டு பேரும் எழவு வூடு மாரி குந்திகினு கீறீங்க?” என்றார். அம்மாதான் சொன்னாள், “நானே என் கையால மடிச்சேன்” என்று. அப்பா துண்டுகளைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். பறவைகளைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை.

“அப்ப, இனிமே இன்னா பண்ணணும்?” என்று என்னைக் கேட்டார்.

“ரெண்டாம் படி வாங்கணும்பா” என்றேன்.

விரல் மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். “எத்தினி நாளு ஆவும்?”

“தெரியல. ஆவும்.”

“செரி வுடு. நான் இருக்கறேன்ல?” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். தேற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை நான் கிளம்பும்போது அப்பா கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வேலி முள் வெட்டுவதற்காக இருக்கும்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த அம்மையார் நான் நீட்டிய உறையைத் திறந்து துண்டுகளைப் பார்த்தார். “எலியா?”

“இல்லைங்க மேடம். லவ் பேர்ட்ஸ்.”

“எலி பாத்துருக்கேன், கரையான் பாத்துருக்கேன். ஒரு தம்பி டீயைக் கொட்டிட்டு வந்தான். இது புதுசு.” பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மேசை சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “தொலைஞ்சிபோச்சுன்னு எழுதிக் குடுத்துடு தம்பி. காரணம் கேக்க மாட்டாங்க” என்றார்.

தொலையவில்லையே என்றேன். வீட்டில் ஒருத்தி கடிபட்டுப் பொறுக்கி எடுத்த துண்டுகள் கையில் இருக்கும்போது தொலைந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. ‘வீட்டில் வளர்க்கும் பறவைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்ததில் சிதைந்துவிட்டது’ என்று எழுதி, துண்டுகளையும் முத்திரையையும் இணைத்தேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, இவர் எங்கள் மாணவர்தான், பட்டம் பெற்றவர்தான் என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அந்தக் கடிதத்தோடு போனேன். என் முறை வரும்வரை கால்சட்டைத் துணியைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கடிதத்தையும் என் விண்ணப்ப நகலையும் படித்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. இரண்டாம் படி வந்ததும் கொண்டு வந்து காட்டு என்று தவணை போட்டு எழுதினார். எனக்கு அது போதும். திரும்பும் பேருந்தில் இரண்டு ஊர் தாண்டி இறங்கினேன். என் ஊர் வந்ததே தெரியவில்லை.

தவணைக்குள் அது வந்தது. அதே தடித்த காகிதம், அதே நான்கு வரி. மேலே மட்டும் சிவப்பு மையில் ‘இரண்டாம் படி’ என்று குறுக்கே ஒரு பெரிய முத்திரை. அம்மாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டிருந்தார்கள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

“இதுல மை ஜாஸ்தி கீதுடா” என்றாள்.

“ஆமாம்மா.”

“அப்ப இது முக்கியம். முன்னது மாரி இல்ல.” தானே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தாள்.

அப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா போட்டிருக்குது செவப்பா?”

“ரெண்டாம் படின்னு போட்டிருக்குதுப்பா.”

“அதுக்குள்ளயா படிச்ச?”

எனக்குப் புரியவில்லை. “இன்னாத்தப் படிச்சேன்?”

“ரெண்டாந்தரம் படிக்கணும்னு சொன்னியே. ரெண்டாம் படிப்பு. மூணு வருசம் ஆவும்னு நானும் கணக்குப் பண்ணி வெச்சேன். நீ அன்னாடம் ஜெராக்ஸ் கடைக்குத்தான போய்க்கினு இருந்த, எப்ப படிச்ச?”

படி என்றால் நகல் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? காகிதம் போனால் படித்ததும் போய்விட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. இத்தனை வாரம், என் மூன்று வருடத்தைப் பறவைக்குப் போட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

“கடையில காப்பி எடுக்கற மாரிதாம்பா இது. படிக்க வேணாம். எப்பவுமே படிக்க வேணாம்” என்றேன்.

அப்பா தலையைச் சொறிந்தார். “அப்பிடின்னா மேஸ்திரி கிட்ட சொல்லணும்.”

“எந்த மேஸ்திரி?”

“வெட்டு மேஸ்திரிதான். வர்ற பருவத்துக்குத் தொலவா கரும்பு வெட்டப் போற ஆளுங்களோட என் பேரையும் சேத்துக்கோன்னு சொல்லி வெச்சேன். மூணு பருவத்துக்கு. நீ படிக்க வாணாமா?”

பரணைப் பார்த்தேன். சாக்கு மட்டும் மடிந்து கிடந்தது. கத்தி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, தீட்டித் தீட்டி விளிம்பு வெளுத்துப்போய்.