ஆறு வருஷத்துப் "பாகுந்தி"

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. கொஞ்சம்தான்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த புதிதில், சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். எனக்குச் சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஆபீசில் இங்கிலீஷ். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு சாமர்த்தியமே இல்லை. நிலத் தகராறு, பட்டா மாறுதல் என்று விசாரணைக்கு விவசாயிகளை வரச்சொல்லி நோட்டீஸ் எழுதுவது என் முக்கியமான வேலை. தெலுங்கில் டிராப்ட் எழுதி சிரஸ்தாரிடம் வைப்பேன். குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் அவர். அவர் பார்த்து முடித்ததும் காப்பி எழுதுகிறவர் அதை நல்ல காகிதத்தில் அழகாக எழுதுவார். நோட்டீஸ் ஊருக்குப் போகும்.

மற்ற ஆபீஸ்களில், மேலே இருப்பவர் திருத்திய டிராப்ட் எழுதினவன் மேஜைக்கே திரும்பி வரும். அடித்தது, சேர்த்தது எல்லாம் கண்ணில் படும். எங்கள் ஆபீசில் அப்படி இல்லை. காகிதம் சிரஸ்தார் மேஜையிலிருந்து நேராகக் காப்பிக்காரர் மேஜைக்குப் போய்விடும். அது அவர் போட்ட ஏற்பாடு. நான் டிராப்டை வைத்துவிட்டு நிற்பேன். மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாகுந்தி ஐயா, பாகுந்தி!" என்பார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்து போய்க் கிடந்தேன்.

"இன்னிக்கி இன்னா சொன்னாரு?" என்று என் மனைவி வாசலிலேயே கேலியாகக் கேட்பாள். அவளுக்குப் பதில் தெரியும்.

பிறகு மெட்ராசுக்கும் ஆந்திராவுக்கும் இருந்த எல்லைத் தகராறு ஒரு முடிவுக்கு வந்தது. திருத்தணிப் பக்கம் மெட்ராசோடு, சத்தியவேடு பக்கம் ஆந்திராவோடு என்று ஆனது. மெட்ராஸ் பக்கம் வேலைக்குப் போக இஷ்டமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று எங்கள் ஆபீசில் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். கெடு ஒரு மாதம். அதற்குப் பிறகு கேட்டால் கிடையாது.

என் மனைவி ஒரே பிடியாக நின்றாள். "நம்ம ஊரே அந்தப் பக்கம் போவுது. நாம மட்டும் இங்க குந்திக்கினு இன்னா பண்றது? எங்கம்மா தனியா கீது. பசங்களும் தமிழ்ல படிக்கட்டும். எழுதிக் குடுத்துட்டு வாங்க." சொன்னதோடு நிற்கவில்லை. பித்தளைப் பாத்திரங்களைப் பழைய புடவையில் மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டாள்.

பாரத்தை நிரப்பி சிரஸ்தாரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தார். முகம் வாடிவிட்டது.

"ஏமய்யா, நீ போயிட்டா இந்த ஆபீஸ்ல நான் யார வச்சிக்கினு வேல பாக்கறது? அடுத்த பிரமோஷன் லிஸ்ட்ல மொதல் பேரு உன்னுதுதான். அங்க போனா நீ கடைசி ஆளு. நா மாட்ட நம்மு. என் வார்த்தைய நம்பு" என்று பாரத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

நம்பினேன். அவர் எதிரிலேயே அதை நான்காகக் கிழித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள், "வாயால சொன்னாரா, எழுதிக் குடுத்தாரா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மேலதிகாரியை அப்படிக் கேட்க முடியுமா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். மூட்டை மூலையிலேயே இருந்தது. கெடு முடிந்தது.

அடுத்த மாதமே பிரமோஷனுக்கு ஆள் எடுத்தார்கள். பெரிய அதிகாரி திருப்பதியில் கேம்ப் போட்டிருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலை ரயிலில் கிளம்பினேன். பாகாலாவில் வண்டி நின்றபோது ஆறு இட்லி வாங்கித் தின்றேன். அவ்வளவு தெம்பு எனக்கு. திரும்பி வரும்போது இனிப்பு வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி தெலுங்கில்தான் பேசினார், தமிழில் சொல்கிறேன். என் பெயர் போட்ட கட்டைப் பிரித்தார். வருஷா வருஷம் மேலதிகாரி எழுதி அனுப்பும் ரகசியக் குறிப்பு அதில் இருந்தது. படித்துக் காட்டினார்.

"டிராப்டுகள் முழுமையாக இல்லை. ஒவ்வொன்றையும் நானே திருத்த வேண்டியிருக்கிறது. பலமுறை எடுத்துச் சொல்லியும் திருந்தவில்லை. பதவி உயர்வுக்குத் தகுதி இல்லை."

ஆறு வருஷத்துக்கும் அதே நாலு வரி. கையெழுத்து சிரஸ்தாருடையது.

"இத்தனை முறை சொல்லியும் ஏன் கேட்கவில்லை?" என்றார்.

"ஒரு முறைகூட சொன்னதில்லை ஐயா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குறிப்போடு சிரஸ்தார் சேர்த்து அனுப்பியிருந்த என் டிராப்ட் ஒன்றைக் கட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். என் கையெழுத்து கறுப்பு மையில் முத்து முத்தாக இருந்தது. தேதி, நேரம், சட்டம், விதி எல்லாம் சரியாக இருந்தன. அடியில் சிவப்பு மையில் சிரஸ்தார் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: வரும்போது பட்டாவும் பாகப் பத்திரமும் எடுத்து வரவும்.

"நாகலாபுரத்திலிருந்து ஒருத்தன் சோறு கட்டிக்கொண்டு சித்தூர் வருகிறான். கையில் காகிதம் இல்லை. என்ன செய்வான்?" என்றார் அதிகாரி.

"திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வரவேண்டும்."

"அவன் எதை எடுத்து வரவேண்டும் என்பதை முதல் வரியில் எழுது. சட்டமெல்லாம் அப்புறம். இப்போதே எழுதிக் காட்டு."

எழுதினேன். வாங்கிப் பார்த்து, இன்னொன்று எழுதச் சொன்னார். அதையும் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அட கடவுளே, வெறும் ஐந்து நிமிஷம்! யாரென்றே தெரியாத மனிதர், காகிதத்தை என் முன்னால் வைத்து, தப்பு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அதன் பிறகு என் வேலைக்காலம் முழுக்க அந்தத் தப்பை நான் செய்ததே இல்லை. ஆனால் பிரமோஷன் கொடுப்பது குறிப்பைப் பார்த்துத்தான், அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஆபீசில் முதலில் காப்பிக்காரரைப் பிடித்தேன். நகரி நெசவுக் குடும்பம், நம் ஆள், தினமும் என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

"தெரியும்ணா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "எல்லா காயிதத்துலயும் அந்த ஒரு வரிதான் செவப்புல இருக்கும். உங்ககிட்ட சொல்ல வாணாம்னு சொல்லிட்டாரு."

"ஆறு வருஷமா என் கொழம்ப ஊத்திக்கினு துன்னியே, உனக்கு வாய் இல்ல?" என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. சிரஸ்தார் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவர் பதறவே இல்லை. "நீ வந்த மொதல் வாரம் ஒரு தப்பு சொன்னேன். ஞாபகம் இருக்கா? மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு மத்தியானம் சாப்பிடவே போவல. பாவம், மனசு நோவ வாணாம்னு அப்புறம் நானே எழுதிட்டேன்."

அது உண்மை. எனக்கு ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் அதற்காக என் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

"சரி சார். பலமுறை எடுத்துச் சொல்லியும்னு எழுதினீங்களே, அது?"

"சொல்லலன்னு எழுதினா மேல என்னைத்தான கேப்பாங்க?"

"அப்போ அந்த பாரத்த ஏன் சார் கிழிக்க வச்சீங்க?"

"மெட்ராசுக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுத இங்க வேற எவன் இருக்கான்?" என்றார். ஒளிக்காமல் அப்படியே சொன்னார். காபி வந்தது, எனக்கும் ஒரு டம்ளர் வாங்கித் தந்தார்.

அவர் தெலுங்கர், நான் தமிழன் என்பதால் செய்தார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசை. அப்படி இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கும். என் இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். பிடித்தவன் முகத்துக்கு நேரே ஒரு தப்பைச் சொல்ல முடியாமல், அதை ரகசியமாக மேலே எழுதியனுப்பிவிட்டு, என் முதுகையும் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரிகூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி மூலையில் இருந்த மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பழைய இடத்தில் அடுக்கினாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இரண்டு வருஷம் போனது. சிரஸ்தாருக்கு ரிட்டயர் ஆகிற நேரம். கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இன்னும் ஒரு வருஷம் வேலையை நீட்டித்துக் கொடுக்கும்படி மேலே மனு எழுதினார். இங்கிலீஷ் மனு. தபால் கட்டுகிற நேரத்தில் என்னிடம் கொண்டுவந்து, "ஒரு தடவ பாரய்யா" என்றார்.

பார்த்தேன். பாஷை நன்றாகவே இருந்தது. ஆனால் இந்த மாதிரி மனுவோடு உடம்பு திடமாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் வைக்க வேண்டும். வைத்ததாக மனுவில் ஒரு வரியும் இல்லை, அடியில் சர்டிபிகேட்டும் இல்லை. என் காகிதத்தில் ஆறு வருஷம் எந்த வரியைச் சேர்த்தாரோ, அதே வரியைத் தன் காகிதத்தில் மறந்துவிட்டார். இப்படியே போனால் திரும்பி வரும். அது வருவதற்குள் அவர் தேதி தாண்டிவிடும். சொன்னால், மத்தியானத்துக்குள் டாக்டரிடம் போய் வாங்கிவிடலாம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எப்படி இருக்கு?"

வாய்வரைக்கும் வந்தது.

"பாகுந்தி சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் முகமும் ஆறு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கும்.