நான்காவது கால்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாம்பலத்தில் எங்கள் வீட்டில், மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்கப்பட்டது. வரும் ஞாயிறு சாந்தோமில் என் மனைவி லூர்துவுக்குக் கிடைக்க வேண்டிய கோழிக்கால், புளித்த காடியில் ஊறவைத்ததாக இல்லாமல், மிளகு போட்டு மூடி வேகவைத்ததாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாங்கள் மாமிசம் தொடுவதில்லை. ஆகையால் அதைப் பற்றிப் பேச நிறைய அவகாசம் இருந்தது. முடிவை அவள் தகப்பனாருக்குத் தெரிவிக்கக் கார்டும் எழுதியாயிற்று. தபாலில் போட நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, என் மூத்த சகலை அந்தோணிசாமி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மாமா போய்ட்டாரு," என்றார். "காப்பி குடிச்சிக்கினு இருந்தாரு. டம்ளரைக் கீழ வெச்சாரு. அவ்ளோதான்."

முப்பது வருஷம் தந்தி ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் சாவுச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த என் மாமனார் சவரிமுத்துவின் சாவுச் செய்தி, சைக்கிளில் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டிலிருந்து வரும் தந்தியை எங்களில் யாரும் நம்புவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அவர் பேச்சு எவ்வளவு சுருக்கம் என்பதும் உங்களுக்குத் தெரியும். தந்தியில் மிகைச் சொல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தலையில் விழும் சுமை என்று அவர் நினைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் பெண் கேட்டுப் போன அன்று என் குலம், கோத்திரம், உத்தியோகம், எதிர்காலம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "செய்தி கிடைத்தது," என்றார். அது சம்மதம் என்று மாமியார்தான் வெளியே வந்து எனக்குச் சொன்னார்.

அந்த வீட்டின் சட்டம் எளிமையானது. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மூன்று பெண்களும் மூன்று மருமகன்களும் சாந்தோமில் சாப்பிட வேண்டும். கோழி இரண்டு, கால் நான்கு. மருமகன்களுக்கு ஆளுக்கொன்று, மாமனாருக்கு ஒன்று. மூத்த மருமகனுக்கு முதலில் வைக்க வேண்டும். லண்டனில் வட்டமேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு வாய்க்காத சமாதானம் எங்களுக்கு நான்கு கால்களால் வாய்த்தது. பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் மாமியார் இறந்தார். அடக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர் வாசலில் நின்றுகொண்டு, "பொம்பள இல்லாத வூட்டுக்குப் பொண்ணுங்க எதுக்கு வரும்? மிஞ்சிப் போனா கிறிஸ்மஸுக்கு ஒரு தபா," என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. தந்திக் கருவியின் தட்டல்களைக் கேட்டுப் பழகிய காது சவரிமுத்துவுடையது. அடுத்த ஞாயிறே அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கரி அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

தந்தியை எழுத்து எழுத்தாகக் கற்றவர், கோழியையும் அப்படியே கற்கலாம் என்று தீர்மானித்து, கால்களில் தொடங்கினார். மந்தைவெளியில் கோழி விற்கும் காதர் பாயிடம் போய், கால் மட்டும் நான்கு வேண்டும் என்று கேட்டார். கூட நான் இருந்தேன்.

"இன்னா நைனா, காலை ஒன்னாண்ட குட்த்துட்டா மீதிக் கோழி எத்தால நடக்கும்?" என்றார் பாய்.

"முழுசாக் குடு. கால் எனக்கு. மத்தது பொண்ணுங்களுக்கு."

அவர் சொன்னது வேலைப் பங்கீடு. காலைத் தவிர மற்றதையெல்லாம் பெண்கள் வந்து குழம்பு வைத்தார்கள். ஆனால் அன்று சமையலறையில் அவர் தற்செயலாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்கம்மா எந்தத் துண்டு சாப்டுவா?"

"கழுத்து," என்றார்கள் மூன்று பேரும், ஒரே நேரத்தில்.

முப்பத்தைந்து வருஷம் அவர் அந்த அம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். விசிறியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து விசிறினார். மறு வாரம் சாப்பாட்டில் தன் காலை எடுத்து மூத்த மகளின் தட்டில் வைத்துவிட்டுத் தனக்குக் கழுத்தை எடுத்துக்கொண்டார்.

அந்தோணிசாமி பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஒழுங்கு என்பது அவருக்குச் சாப்பாட்டுக்கும் உண்டு.

"இன்னா மாமா இது? ஆம்பளைங்க உக்காந்துக்கினு கீறோம்."

"ஒங்க கால் ஒங்க தட்டுல கீது மாப்ளே. இது என்னுது."

"அதுக்கில்ல. மொறைன்னு ஒண்ணு கீதுல்ல?"

"இனிமே இதான் மொறை. வாரம் ஒருத்தி."

அந்தோணிசாமி கை கழுவினார். தட்டில் கால் அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, மனைவியையும் அனுப்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாசலில் நின்ற உறவினர் சொன்னது இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று உறவினரே எதிர்பார்த்திருக்க மாட்டார். இரண்டு ஞாயிறும் மாமனார் மூத்த மருமகனின் கோழிக்காலை மூடி வைத்து மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறு காலை ராயப்பேட்டையில் அந்தோணிசாமி வீட்டுக் கதவைத் தந்திச் சேவகன் தட்டினான். சாந்தோமிலிருந்து ராயப்பேட்டைக்கு நடந்தால் அரை மணி. தந்தியில், உடனே புறப்படவும், அப்பா என்று மட்டும் இருந்தது. அனுப்பியவர் அப்பா என்றால் அப்பா உயிரோடுதான் இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தந்தியைப் படித்துவிட்டு அழும் வழக்கம் நம்மிடம் இல்லை; பார்த்ததும் அழுவோம். தெரு கூடிவிட்டது. அந்தோணிசாமி பெரிய மாலை ஒன்றோடும், மார்பில் அடித்துக்கொண்டிருந்த மனைவியோடும், துணைக்கு அழ வந்த பக்கத்து வீட்டு அம்மாள் இருவரோடும் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்.

இறந்தவர் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"மாலையை ஆணியில மாட்டுங்க மாப்ளே. கை கழுவிக்கினு வாங்க."

அந்தோணிசாமி மாலையோடு நின்றார். "சாவுத் தந்தி குட்த்து சோத்துக்குக் கூப்டுவாங்களா மாமா?"

"சோத்துக்குன்னா வந்திருப்பீங்களா?"

அந்தோணிசாமி உட்கார்ந்தார். நான்காவது கால் மறுபடி அவர் மனைவிக்கே போயிற்று; அவர் அதைப் பார்க்காமல் சாப்பிடக் கற்றுக்கொண்டார். அழ வந்த இரண்டு அம்மாள்களும் பந்தியில் இருந்ததால் இரண்டு கழுத்தும் அவர்களுக்கு. மாமனாருக்கு அன்று குழம்பு மட்டும். மாலை மாமியார் படத்துக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் யாரும் வராமல் இருந்ததில்லை.

அவர் அறிந்த சமையல் மூன்றுதான். கேட்டவர்களுக்குப் பழைய தந்தித் தாளின் பின்புறம் எழுதிக் கொடுப்பார். மிளகுக் கால்: "எலும்புவரை மூன்று கீறல். உப்பு, தட்டிய மிளகு, பூண்டு. தண்ணீர் வேண்டாம். மண்சட்டி. மூடு. சிறு தீ. போகாதே." வறுத்த கால்: "மஞ்சள், உப்பு போட்டு வேகவை. எடு. நல்லெண்ணெயில் வெங்காயம், கால், சிவக்கும்வரை. வெந்த நீரைக் கொட்டாதே, ரசம்." காடிக் கால்: "மிளகாய், பூண்டு, சீரகம் அரைத்துக் காடியில் கரை. பூசைக்குமுன் ஊறவை. பூசைக்குப்பின் வதக்கு." இந்த மூன்றாவது முறையில் கோழியின் பதம் பிரசங்கத்தின் நீளத்தைப் பொறுத்தது. புதிதாக வந்த இளம் சாமியார் ஒருவர் பத்து நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்துவிட்ட ஞாயிறன்று, மாமனார் நெடுநேரம் மென்றுவிட்டு, "நல்ல மனுசன். ஆனா பத்தல," என்றார்.

அவரிடம் ஒரு முறை, எல்லாவற்றிலும் கடினமானது எது என்று கேட்டேன். "போகாதேன்னு எழுதினேனே, அது," என்றார். "அடுப்பாண்ட உக்காரணும். உங்க அத்தை உக்காந்தா. நான் பேப்பர் படிச்சேன்."

அடக்கத்தன்று அதே உறவினர் அதே வாசலில் நின்றார். சாந்தோம் வீடு வாடகை வீடு. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். "இனிமே மூணும் மூணு பக்கம்," என்றார் அவர், கொஞ்சம் நிச்சயமாகவே.

"ஞாயித்துக்கெழம மாம்பலத்துக்கு வாங்க," என்று அவரிடம் சொன்னவர் அந்தோணிசாமி. அது என் வீடு. என்னை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவருடைய பொருள்களைப் பிரித்தபோது நான் மூன்று தந்தித் தாள்களையும், முக்காலியையும், விளிம்பு கருகிய பனையோலை விசிறியையும் எடுத்துக்கொண்டேன். தபாலில் போடாத கார்டும் என்னிடம்தான் இருக்கிறது. போகாதே என்ற சொல்லை அந்தத் தாளில் நான் நூறு முறை பார்த்திருப்பேன். அடுப்பின் முன் உட்கார்ந்து படித்தது இப்போதுதான்.

முப்பதாம் நாள் பூசைக்கு அடுத்த ஞாயிறு காதர் பாயிடம் இரண்டு கோழி வாங்கி வந்து நான் சமைத்தேன். மிளகு. எல்லோரும் வந்தார்கள். மூன்று சகோதரிகளும் ஆளுக்கொரு கால் எடுத்துக்கொண்டார்கள். நான்காவது கால் மருமகன்களுக்கு, வாரம் ஒருவர். அன்று அந்தோணிசாமியின் முறை. எனக்கும் இரண்டாவது சகலைக்கும் கழுத்து.