சிவப்புப் பூசிய பதினொன்று

இங்கே பேராசிரியர் தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவுகிறார். இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டு ஆன பிறகும், அதைப் பார்த்தால் கோப்பையை வாங்கிக் கழுவ என் கை தானாக நீள்கிறது. கோப்பையைத் துடைத்தபடியே வெள்ளிக்கிழமைதோறும் கேட்பார்: "ஏதாவது சிக்கல் உண்டா?" நானும் தவறாமல் சொல்வேன்: "ஒன்றுமில்லை, சார்." அவர் நம்பினார். மேலே இருப்பவர் கேட்டால் வேறு பதில் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஓசூரில் நான் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையில், தேறாத உதிரிபாகத்துக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி ஒரு பெட்டியில் போடுவோம். பெங்களூரிலிருந்து பார்வையிட ஆள் வரும் நாளில் அந்தப் பெட்டி கம்ப்ரசர் அறைக்குள் போய்விடும். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். ஃபோர்மேன் முனியப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபத்தில் கன்னடம். அன்று தமிழிலேயே சொன்னார்: "ஏம்பா, பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வூட்டு ஓட்டையவா காட்டுவாங்க? நூக்கு அந்தப் பக்கம்."

அந்த வேலையை விட்டுத்தான் எஃகு ஏன் உடைகிறது என்று ஆராய வந்தேன். பட்டறையில் கடைந்த எஃகுத் தண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு நேரம் தாங்குகின்றன என்று குறிப்பதுதான் வேலை. முதலாண்டு முடிவில் இரண்டு பேர் உட்கார்ந்து, இவன் முனைவர் பட்டத்துக்குத் தேறுவானா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் சின்னப் பட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான். மத்திகிரி வாடகை வீட்டு வாசலில் என் மனைவி சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "பாதியில மட்டும் வந்து நிக்காதீங்க. எங்கண்ணன் வாயில வுழ முடியாது."

தேர்வாளர்களில் ஒருவர் நரைத்த தலைமுடியுள்ள பெண்மணி. பட்டறைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். "இருபத்துநான்கு தண்டுகள் வாங்கியிருக்கிறீர்கள். அறிக்கையில் பதின்மூன்றுதான் இருக்கின்றன."

"மற்றவை சீக்கிரமே உடைந்துவிட்டன, மேடம்."

"எங்கே அவை?"

என் மேசைக்கடியிலிருந்த பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஏன் சிவப்பு?"

"தேறாதவை."

"யார் சொன்னது?"

ஃபோர்மேனைப் பற்றிச் சொன்னேன். முனியப்பா இந்தியாவில் எனக்கிருந்த பேராசிரியர் என்று அந்தப் பெண்மணி நினைத்துக்கொண்டு, மரியாதையோடு பெயரைக் குறித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. மூன்று மாத அவகாசம் தந்தார்கள். அதற்குள் வேறு அறிக்கை வேண்டும், இல்லையென்றால் ஊர்.

மறுநாள் காலை பேராசிரியர் கோப்பையைத் துடைப்பதற்கு முன்பே போய் நின்றேன். "சிக்கல் இருக்கிறது, சார். பதினொன்று." அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்பது ஒரே இடத்தில் உடைந்திருந்தன. கடைசல் உளி விட்டுச்சென்ற, கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று அங்கே இருந்தது. புதிய அறிக்கை அந்த ஒன்பதிலிருந்தே தொடங்கியது. போன வாரம் தேறினேன்.

இன்று மனைவிக்கு ஏரோகிராம் எழுதினேன். எல்லாம் நலம், முதல் ஆண்டு தேறிவிட்டேன் என்று இரண்டு வரி. மூன்று மாத அவகாசம் அதில் இல்லை. அது அவளுக்கு இன்றுவரை தெரியாது. மடித்து ஒட்டப் போனபோது, அறுத்தது போக மிஞ்சி, சன்னலோரம் வரிசையாக நிற்கும் சிவப்புத் தண்டுகள் கண்ணில் பட்டன. கடிதம் இன்னும் ஒட்டாமல் அவற்றின் பக்கத்தில் கிடக்கிறது.