என்னைக் கடித்தது கட்டுவிரியன் அல்ல

என் மச்சான் பொய் சொல்கிறான். என் மனைவியின் தம்பி, எங்கள் லைன் சங்கத்தின் செயலாளர். பின்பக்கத்து மதிலை இடித்துத் தள்ளி, கார் நிறுத்த இடம் பண்ண வேண்டுமாம். அதற்கு அவன் ஒட்டியிருக்கும் நோட்டீஸில், "மதிலில் கட்டுவிரியன் குடியிருக்கிறது. நம் லைன்வாசி ஒருவர் கடிபட்டுச் செத்துப் பிழைத்தார்" என்று இருக்கிறது. அந்த லைன்வாசி நான். கடித்தது கட்டுவிரியன் இல்லை. நான் சாகவும் இல்லை, அதனால் பிழைக்கவும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மானம் போகும். போகட்டும், ஏற்கெனவே போனதுதான்.

கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் எங்கள் லைன், தங்கச் சுரங்கத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகள். பின் மதில் சுரங்கத்துக் கழிவுக் கல்லைச் சிமென்ட் இல்லாமல் அடுக்கியது. என் குளியலறை அதை ஒட்டி இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் முகம் கழுவிவிட்டு, கதவுமேல் கிடந்த துண்டை இழுத்தேன். துண்டோடு ஒரு பாம்பும் வந்தது. பென்சில் தடிமன், முழ நீளம், பழுப்பு உடம்பில் வெளுத்த பட்டைகள். துண்டைக் கீழே போட்டிருக்கலாம். நான் பயத்தில் இறுக்கிப் பிடித்தேன். அதுவும் வேறு வழியில்லாமல் என் கட்டைவிரலைக் கடித்தது. நான் கத்தியது பக்கத்து லைன்வரை கேட்டதாம்.

எங்கள் ஊரில் ஒருவனுக்கு அடிபட்டால் என்ன செய்வதென்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுரங்கம் மூடியும் அந்தப் பழக்கம் மூடவில்லை. சுரங்கத்துக்குள் அடிபட்டவனைக் கேஜில், அதாவது இரும்புக் கூண்டு லிஃப்டில், வைத்து மேலே கொண்டுவந்த காலத்து ஒழுங்கு அது. அவன் நடக்கக் கூடாது, தூக்குகிறவர்கள் குலுங்காமல் போக வேண்டும், மற்றவர்கள் வாசலில் வந்து சத்தமில்லாமல் நிற்க வேண்டும். எனக்கும் அப்படியே செய்தார்கள். என்னைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்க, லைன் முழுக்க வாய் பொத்தி நின்றது. அந்த அமைதியில் நான் செத்தேன் என்றே முடிவு செய்துவிட்டேன். கடைசி வார்த்தை என்று ஏதாவது சொல்ல வேண்டுமே. நல்லதாக ஒன்றும் வரவில்லை.

"என் சைக்கிள உன் தம்பிக்கு மட்டும் குடுத்துடாத" என்றேன் மனைவியிடம்.

கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவன் அந்தத் தம்பிதான்.

"உங்க துருப்புடிச்ச சைக்கிள் எனக்கு இன்னாத்துக்கு மாமா? பேசாத படுங்க, வெஷம் ஏறிடப் போவுது."

"சண்டை போடறாருன்னா உசுரு கெட்டியா இருக்குது. நீ நடடா" என்றாள் என் மனைவி. அவள் கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே பாம்பு, உயிரோடு.

ஆஸ்பத்திரியில் கன்னடம் பேசும் சின்ன வயது டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்து, விடியும்வரை படுக்க வைத்தார். காலையில், "ஏனூ ஆகல்ல, மனெகெ ஹோகி" என்றார். ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போங்கள். பிறகு என்னையும் மனைவியையும் மச்சானையும் நிற்க வைத்து, பாட்டிலைக் காட்டி விளக்கினார். இது ஓநாய்ப் பாம்பு. முன்பல் நீளமாக இருப்பதால் அந்தப் பெயர். விஷம் கிடையாது. கட்டுவிரியனுக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும். இதற்குக் கழுத்தில் தெளிவு, வாலில் மங்கல்.

நான் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன். தலைமுடி அளவு பிசகினாலும் செய்து வந்த பாகத்தைத் திருப்பி அனுப்பியவன். பட்டை எந்தப் பக்கம் மங்குகிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. பாம்பு கடித்தால் இப்படி ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் போனதில் வெட்கமில்லை. வெட்கமெல்லாம் சைக்கிள் பேச்சில்தான்.

பாம்பை மதிலிலேயே விட்டோம். என்னை இப்படி அசிங்கப்படுத்தியது யாரென்று பார்க்கும் கோபத்தில்தான் டார்ச்சோடு அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். டியூப்லைட்டுக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, பல்லிக்கு ஓநாய்ப் பாம்பு வருகிறது. பல்லியை அது விழுங்கும்போது அறுந்த வால் மட்டும் தரையில் ஆடும். வெளிச்சம் பட்டால் சுருண்டு, தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொள்ளும். இதற்கா நான் உயில் சொன்னேன்!

மதிலின் அடிக்கல்லைப் புரட்டினால் புழுப்பாம்பு. மண்புழு மாதிரிதான், ஆனால் வளையம் இல்லை, பளபளப்பு அதிகம், கண் இரண்டு கரும்புள்ளி. காதுக்குள் புகுந்துவிடும் என்று லைனில் சொல்வார்கள். நானும் நம்பி ஒரு வாரம் காதில் பஞ்சு வைத்துத் தூங்கினேன். அது தேடுவது எறும்பு முட்டையையும் கரையானையும். கையில் எடுத்தால் வால் முள்ளால் லேசாகக் குத்தும், வலிக்காது. அதற்கும் கத்தினேன். அந்த இனத்தில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும் என்று படித்ததை மனைவியிடம் சொன்னேன்.

"ஆம்பளயே இல்லாத குடும்பம் நடத்துதா? குடுத்து வச்ச ஜென்மம்" என்றாள்.

இப்போது மதிலின் ஓர் இடுக்கில் வெள்ளையாக நாலைந்து முட்டைகள் இருக்கின்றன. ஓநாய்ப் பாம்பு அங்கே போய் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மதிலை இடிக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கிவிட்டால் திங்கட்கிழமை ஜேசிபி வரும். கட்டுவிரியன் இந்த ஊரிலேயே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. இந்த மதிலில் இத்தனை நாளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

டீக்கடையில் மச்சானை நிறுத்திக் கேட்டேன். எல்லோரும் கேட்கிற மாதிரி, "வெஷமில்லாத பாம்புக்கா மாமா ஒரு ஆம்பள அப்பிடிக் கத்துவான்?" என்றான். கடையே சிரித்தது. கத்துவான், நான் கத்தினேன் என்பதுதான் பதில். நான் டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். என் கூச்சலை வைத்துத்தான் அவன் மதிலை இடிக்கிறான். அதனால்தான் இதை எழுதி, அவன் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன்.

மச்சான், டாக்டரம்மா பாட்டிலைக் காட்டிச் சொன்னபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஞாயிற்றுக்கிழமை, கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், மைக்கைப் பிடித்து லைன் முழுக்கக் கேட்கும்படி நீயே சொல்: என்னைக் கடித்தது என்ன பாம்பு? உன் மாமன் ஒரு பயந்தாங்கொள்ளி என்றும் சேர்த்துச் சொல், மறுக்க மாட்டேன். சைக்கிளையும் எடுத்துக்கொள். ஆனால் பாம்பின் பெயரைச் சரியாகச் சொல்.