ஆர்மோனியத்துக்கு ஒரு விலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். இறங்கியவர் பெயர் தனபால், பெருங்களத்தூர். (பெயரை மாற்றியிருக்கிறேன். நானும் தாம்பரத்தில் நடமாட வேண்டுமே!)

"சார், பழைய பாட்டு சாமானுக்கெல்லாம் வெல சொல்வீங்களாமே?"

சொல்வேன். உத்தியோகம் என்னவோ ஆபீஸில் குமாஸ்தாதான். இது வியாதி.

ஊரே கேசட்டுக்கு மாறி, இசைத்தட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டதே, ஞாபகமிருக்கிறதா? அப்போது தொற்றியது. தராசிலிருந்தே தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். பிறகு பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், கிராமபோன் ஊசி டப்பாக்கள்... ஒரு தடவை யாரோ "இது என்ன போகும்?" என்று கேட்க, நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அந்த விலைக்கே அது விற்றுத் தொலைக்க — எக்ஸ்பர்ட் ஆகிவிட்டேன்!

ஃபீஸ்? ஒரு டம்ளர் காபி. "அது நம்ம வீட்டிலேயே கிடைக்குமே, அதுக்கு ஏன் ஊர் ஊராப் போறீங்க?" என்பாள் மனைவி. நியாயமான கேள்வி.

தனபால் வீட்டில் காபியோடு விடவில்லை. நாலு இட்லி, வடை, கேசரி. அவருடைய தம்பி பக்கத்தில் நின்று விசிறாத குறை. விலை சொல்ல வந்தவனுக்கு இவ்வளவு உபசாரமா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கேசரி வாயை அடைத்துவிட்டது.

பிறகு பட்டுத்துணியை விலக்கிக் காட்டினார்கள். ஆர்மோனியம்.

"சாதா ஆர்மோனியம் இல்ல சார் இது!" என்று தனபால் ஒரு பெயர் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்து நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்து, சுதந்திரம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்ட பெரிய பாடகர். அவர் கைப்பட வாசித்ததாம். சொன்னது யார்? மூர் மார்க்கெட்டில் இதை விற்ற ஆள். நம்பியது? இவர்களுடைய அப்பா. வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பூரித்த மனிதர், போன வருஷம் காலமாகிவிட்டார்.

"நெலத்த நாங்க ரெண்டு பேரும் மனை போட்டுக்கறோம். இத்த தங்கச்சி பங்குக்குக் குடுக்கறோம். நீங்க வெலையச் சொல்லிட்டா அது கையெழுத்துப் போட்டுடும். லட்ச ரூபாய்க்குக் கொறையாதுல்ல சார்?"

தங்கச்சி தேவகி கதவோரம் நின்றிருந்தார்; நாற்காலியில் அவர்களுடைய தாய்மாமா. பொழிச்சலூரில் வாழ்க்கைப்பட்டவர். முப்பது வயசிருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன்.

"தெறக்கணுமா சார்? வெளிய பாத்தாலே தெரியாதா?" தம்பிக்காரர் பதறினார்.

திறந்தேன். உள்ளே மரத்தில், பழுப்பேறிய லேபிள். செய்த கடையின் பெயர், தெரு, அதற்குக் கீழே மெட்ராஸ் — பக்கத்தில் ஆறு இலக்கத்தில் பின்கோடு!

பின்கோடு வந்தது எழுபதுகளில். புதிதாக வந்த நாட்களில் அதை எழுத மறந்து மேலதிகாரியிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பே செத்துப்போன மனிதர் இதை எங்கே உட்கார்ந்து வாசித்திருப்பார்? சொர்க்கத்திலா?

தேவகியைப் பார்த்தேன். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதே இது ஒன்றுதான். அதுவும் டூப்ளிகேட் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு பொய்தானே... பெருமையோடு எடுத்துக்கொண்டு போகட்டுமே. அண்ணன்களுக்கும் சந்தோஷம், கேசரிக்கும் மரியாதை.

தொண்டையைக் கனைத்தேன். "அது வந்து... லட்சம்னா..."

"சார்." தேவகி முதல் தடவையாக வாய் திறந்தார். "அந்த லேபிள்ல இன்னா போட்டுக்கீது? கொஞ்சம் படிச்சிக் காட்டுங்களேன்."

படித்தேன். பின்கோடு வரும்போது மட்டும் குரலை இறக்கினேன்.

"நல்லா சத்தமா சார்."

சத்தமாகப் படித்தேன்.

"பின்கோடெல்லாம் எப்போ சார் வந்திச்சு?"

வேறு வழி? உண்மையைச் சொன்னேன். பாடகருக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆர்மோனியம் கடையில் என்ன போகுமோ அதுதான் விலை, சில ஆயிரம் என்றேன்.

தேவகி அண்ணன்கள் பக்கம் திரும்பினார். "மாமா முன்னாடி இன்னா பேசினோம்? சார் சொல்ற வெல லட்சத்துக்குக் கொறஞ்சா எனக்கும் சமமா மனைன்னு தானே?"

இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதை எனக்கு யாருமே சொல்லவில்லை! என் இரக்கம் இன்னும் அரை நிமிஷம் நீடித்திருந்தால், அந்தப் பெண் நடுத்தெருவில் நின்றிருப்பார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றேன்.

"பத்தாவது படிக்கச்சொல்லோ ஒரு கட்டை அடைச்சிகிச்சி சார். நான்தான் கழட்டி சரி பண்ணேன். அப்பவே பாத்துட்டேன். அப்பா இருக்கற வரைக்கும் வாயத் தெறக்கல. அவருக்கு அந்தக் கதை அவ்ளோ பிடிக்கும்." அதுவரை கறாராக இருந்த குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

உடனே சமாளித்துக்கொண்டார். "இதான் ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு சாரே சொல்லிட்டாரே... இதையும் எனக்கே குடுத்துடுங்களேன் அண்ணா!"

கொடுத்தார்கள். மாமா இருந்தார், ஒப்பந்தம் இருந்தது. மனையும் மூன்றாகப் பிரிந்து, பத்திரமும் பதிவாகிவிட்டதாகக் கேள்வி.

நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் தனபால் எதிரே வந்தார். கத்தரிக்காய் பொறுக்குவது போல் குனிந்துகொண்டேன். விடவில்லை.

"சார்! மாமனார் வூட்ல ஒரு வயலின் கீது. ராஜா காலத்துதாம். தங்கச்சிகிட்ட காட்டினேன். உங்களக் கூட்டியாந்து காட்டச் சொல்லிச்சு. எப்ப வரீங்க?"

தேவகியே அனுப்பியிருக்கிறாரா? அப்படியென்றால் நான் அதைப் பார்க்கவே வேண்டாம்... டூப்ளிகேட்தான்!