பிளானோவில் உட்கார்ந்து நான் அணைத்த விளக்கு

1. அழகான கிராஃப்

நான் அணைத்தது ஒரு விளக்கு என்பதே எனக்கு ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆப்பிரிக்க நாடுகளில் கிராமத்து கிளினிக்குகளில் தடுப்பூசி மருந்து வைக்கும் சோலார் ஃபிரிட்ஜுகளைக் கண்காணிப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரிட்ஜிலும் ஒரு சிம் கார்டு உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குளிர், பேட்டரி அளவு எல்லாம் டாஷ்போர்டு என்று நாங்கள் சொல்லும் திரைக்கு வந்துவிடும். மலாவியில் ஒரு ஃபிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் டெக்சாஸில், பிளானோ நகரில் இருக்கும் எனக்குத் தெரியும்.

என் சுபாவத்துக்கு ஏற்ற வேலைதான். மகள் நிலா பதினேழு வயதில் லைசென்ஸ் வாங்கியதிலிருந்து, அவள் கார் டோல்வே நெடுஞ்சாலையில் எங்கே போகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பவள் நான்.

“கலா, பொண்ணையும் டாஷ்போர்டுல ஏத்திடுங்க. ஒரே ஸ்க்ரீன்ல முடிஞ்சிரும்” என்பார் மேனேஜர் சுந்தர்.

போன மே மாதம் மலாவியில் ஒரு சின்ன கிளினிக்கிலிருந்து அலர்ட் வரத் தொடங்கியது. தினமும் அங்கே மாலை ஆறு மணிக்கு பேட்டரி இறங்க ஆரம்பிக்கும், ஒன்பது மணிக்கு இறங்குவது நின்றுவிடும். குளிர் இன்னும் கெடவில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து யாரோ வேறு எதற்கோ கரண்ட் எடுக்கிறார்கள் என்பது தெளிவு. ஒப்பந்தப்படி அது கூடாது. நான் இங்கிருந்தே ஒரு செட்டிங்கை அனுப்பி, வெளி இணைப்பைத் துண்டித்தேன். மறுநாள் கிராஃப் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது.

“சூப்பர். டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடுங்க” என்றார் சுந்தர். அந்த அலர்ட்டின் பதிவை மூடினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2. பதினோரு மணி அழைப்பு

அடுத்த வாரம், காலை பதினோரு மணிக்கு சப்போர்ட் லைனில் அந்த கிளினிக்கின் நர்ஸ் கூப்பிட்டார். பெயர் கிரேஸ். அங்கே அப்போது மாலை ஆறு. பேசியது ஆங்கிலத்தில், நினைவில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

“மேடம், என் விளக்க அணைச்சது நீங்கதானா?”

“விளக்கா? ஃபிரிட்ஜ் பேட்டரில எதுவும் மாட்டக் கூடாது சிஸ்டர்.”

“தெரியும். அது ஸ்டிக்கர்ல எழுதியிருக்கு. அந்த ஸ்டிக்கரப் படிக்கவும் வெளிச்சம் வேணுமே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுவிட்டது.

கிளினிக்கின் விளக்குகளுக்குத் தனி பேட்டரி இருந்திருக்கிறது. அது செத்து இரண்டு வருடம். புகார் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து வயர் இழுத்து இரண்டு எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறார். ஒன்று பிரசவ அறையில். இன்னொன்று வெளி வராந்தாவில். ஊரில் வேறெங்கும் வெளிச்சம் இல்லாததால் பள்ளிக்கூட டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்து வந்து படிக்க வைப்பாராம். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் மேலே படிக்க முடியும்.

நான் செட்டிங் அனுப்பிய அன்று மாலை ஒரு பெண் பிரசவ வலியில் படுத்திருந்தாள்.

“தலை வெளிய தெரியுது, பல்பு போச்சு. போன் டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டேன். குழந்தை வந்து, தொப்புள்கொடிய வெட்டினதும் போன்ல சார்ஜ் போச்சு.”

தாயும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்: “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மேடம். பயப்படாதீங்க. என் பல்லுதான் இன்னும் வலிக்குது. ஆனா பிள்ளைங்க வரது நின்னுபோச்சு. பரீட்சைக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு.”

மலாவியில் இருட்டில் நிற்கும் ஒருத்தி பிளானோவில் இருக்கும் எனக்கு ஆறுதல் சொன்னதை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

அன்று சாப்பிடும்போது நிலாவிடம் சொன்னேன். தமிழில் கேட்டுவிட்டு வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் வந்தது: “அம்மா, யூ கால் மீ இஃப் ஐ ஸ்டாப் ஃபார் காஃபி. வொய் டிட்ன்ட் யூ கால் ஹர்?”

காபிக்கு நின்றால்கூட அவளைக் கூப்பிடுகிறவள், கிரேஸை ஏன் கூப்பிடவில்லையாம். இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

3. மத்தியான வெயில்

மறுநாள் சுந்தரிடம் போனேன்.

“பாவமாதான் இருக்கு. ஆனா மருந்து கெட்டுப்போனா? அந்தக் குழந்தைக்கே நாளைக்குப் போலியோ சொட்டு இல்லாமப் போயிடும். யாரு பதில் சொல்றது?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மறுபடி கிராஃபைத் திறந்தேன். அதுவரை மாலை நேரத்தை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது மத்தியானத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கே பேட்டரி நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு மூன்று மணி நேர வெயில் சும்மா போகிறது. ஒரு பழைய பேட்டரி கிடைத்தால் அந்த வெயிலை அதில் ஏற்றிக்கொள்ளலாம். அதுவரை, ஃபிரிட்ஜ் பேட்டரி எழுபது சதவீதத்துக்குக் கீழே போகாதவரை இரண்டு பல்பும் எரியலாம். எழுபத்தைந்துக்கு வந்ததுமே கிரேஸுக்கு மெசேஜ் போகும். வராந்தா பல்பை முதலில் அணைப்பது அவர் பொறுப்பு.

சுந்தர் கணக்கை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். “மருந்தோட சூடு அரை டிகிரி ஏறினாலும் கட் பண்ணிடுவேன்” என்றார்.

“பண்ணுங்க. ஆனா போன் பண்ணிட்டுப் பண்ணுங்க.”

“என்னங்க, மிரட்டுறீங்க?” என்று சிரித்துக்கொண்டே அப்ரூவ் செய்தார்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு, பதினொன்றரைக்கு, அங்கே இருட்டிய பிறகு, கிரேஸை லைனில் வைத்துக்கொண்டு செட்டிங்கை அனுப்பினேன். சிக்னல் போய்ச் சேர நாலைந்து நிமிடம் ஆனது. நாங்கள் இருவரும் அவரவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

“என்ன ஆச்சு சிஸ்டர்?”

“ஒண்ணுமில்ல மேடம். எட்டாம் கிளாஸ்.”

என் எதிரே ஜன்னலில் டெக்சாஸ் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை தடுப்பூசி குளிர் ஒரு முறைகூட எல்லை தாண்டவில்லை. மூன்று நாட்களில் மட்டும் வராந்தா பல்பைச் சீக்கிரம் அணைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கிரேஸே அணைத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிராஃப் பொய் சொல்லாது. ஆனால் கேட்காததைச் சொல்லவும் சொல்லாது. அதனால் எங்கள் டீமில் சேர்பவர்களுக்கு முதல் நாள் டாஷ்போர்டு பாஸ்வேர்டு தருவதில்லை. ஒரு கிளினிக்கின் போன் நம்பரைத் தந்து, பேசிவிட்டு வாருங்கள் என்கிறேன்.

போன வாரம் சேர்ந்த ஃபர்ஸானா, கோயம்புத்தூர்ப் பெண், முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

“என்னம்மா சொன்னாங்க?”

“அவங்கதாங்கக்கா நிறைய கேட்டாங்க. டெக்சாஸ்ல புயலடிச்சா கரண்ட் போகுமா, போனா நாம என்ன பண்ணுவோம்னு. அவங்ககிட்ட ஐடியா இருக்காம்.”

எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.