நிலவறையின் கிழக்கு மூலை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் 'பிள்ளை போன துக்கத்தில் கொத்தனாருக்கு மூளை கலங்கிவிட்டது' என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளுங்கள், என் மூளை நன்றாகத்தான் இருந்தது. கரண்டி பிடித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தக்கலைக்கு மேற்கே எந்த ஊரில் கிணற்றுச் சுவர் கசிந்தாலும், குளத்து மடை ஒழுகினாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது என்னைத்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். தண்ணீரில் மாயம் ஒன்றும் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும், வழி கிடைத்தால் நுழையும், அவ்வளவுதான். போதாததற்கு நான் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன்.

என் வீடு நானே கட்டினது. சாமான் அறைக்கு அடியில் ஆள் உயரத்துக்குத் தோண்டி ஒரு நிலவறை போட்டிருந்தேன், தேங்காய், கருப்பட்டி, புளி எல்லாம் அங்கேதான் இருக்கும். மேலே பலகைக் கதவு, இறங்க ஆறு படி. சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கியிருந்தேன். கிழக்கு மூலையில் பானை உருளாமல் உட்கார உள்ளங்கை ஆழத்தில் ஒரு குழியும் விட்டிருந்தேன். பத்து மழைக்காலம் போயும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் கண்டதில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ரோசம்மை, கூப்பிடுவது ரோசி. ஆறு வயசு. ஊரில் வாந்திபேதி வந்த வருஷம் அவளுக்கும் வந்தது. எங்கள் ஊர் வைத்தியம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பேதி கண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது அப்போது எல்லாரும் நம்பின காரியம். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "பச்சத் தண்ணியோ வெந்நியோ ஒரு சொட்டு நாக்குல படப்பிடாது, பட்டா ஆளு போயிரும்" என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். என் மனைவி தங்கம்மை சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணீர் அடுக்களையில் ஒரு பானை நிறைய இருந்தது. பிள்ளை பாயை விட்டு அந்தப் பானையை நோக்கித் தவழ்ந்துபோவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்தக் கையால்தான், அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய் நிலவறைக் கிழக்கு மூலையில் வைத்துப் பலகையை மூடினேன். "அப்பா, ஒரே ஒரு மொடக்கு" என்று கேட்டாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கேட்டாள். மறுநாள் விடியும்போது கேட்பது நின்றுவிட்டது.

அடக்கம் எல்லாம் முடிந்து ஆறு மாசம் கழித்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், "பேதிக்காரனுக்குத் தண்ணி குடுக்கணும் ஓய், வத்திப்போயிதான் ஆளு சாகான்." அவர் வேறு யாரைப் பற்றியோதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து தங்கம்மையிடம் அதை அப்படியே சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சோறு வைப்பாள், வேட்டி துவைப்பாள், சபைக்குக் கூட வருவாள், வாய்திறந்து ஒரு வார்த்தை கிடையாது. கோபம் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்படி ஒரு வருஷம் போனபிறகுதான் தண்ணீர் வந்தது. கருப்பட்டி எடுக்க இறங்கினவன் பார்த்தேன், கிழக்கு மூலைக் குழி நிறையத் தண்ணீர். இடவப்பாதி மழைக்காலம் அது, கூரைத் தண்ணீர்தான் எங்கேயோ நுழைகிறது என்று துணியால் ஒற்றியெடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் மறுபடி நிறைந்திருந்தது, விளிம்பு வரைக்கும். விளிம்பைத் தாண்டாது. மழை நின்று இரண்டு வாரம் வெயில் அடித்தது, அப்போதும் அதே அளவு.

நம்பினால் நம்புங்கள், இதுவரைக்கும் எனக்குப் பயமே இல்லை, எரிச்சல்தான். பயம் வந்தது தங்கம்மையைப் பார்த்துத்தான். அவள் அதைக் கண்டுவிட்டாள். தினமும் இறங்கிப்போய் அந்தக் குழி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், சாப்பாடு தண்ணீர் இல்லாமல். ஒரு மாசத்தில் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. திருவட்டாற்றிலிருந்து அவள் தம்பி வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். "அத்தான், அக்காள நான் கூட்டிட்டுப் போறேன். இப்பிடியே விட்டா ஆளு தேறாது" என்றான். பிள்ளையும் போய் இவளும் போனால் அந்த வீட்டில் நான் எதற்கு? "பத்து நாளு பொறு மாப்ள, தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அவ கண்ணு முன்னால காட்டுகேன். வெறும் தண்ணிதான்னு தெரிஞ்சா எழும்பி வந்திருவா" என்றேன். அவன் தலையாட்டினான், நம்பினதாகத் தெரியவில்லை.

என் தொழிலில் தெரிந்தது அத்தனையும் செய்தேன். கிணற்றில் காவியைக் கரைத்துக் கொட்டினேன், அக்கம்பக்கத்தார் என்னை ஏசினார்கள், கிணற்றுத் தண்ணீர் நாலு நாள் சிவப்பாகக் கிடந்தது, நிலவறைக் குழியில் தெளிந்த தண்ணீர். மேலேயுள்ள குளத்து மடையை ஆளைப் பிடித்து மூன்று நாள் அடைக்கச்செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கிழக்குச் சுவருக்கு வெளியே நிலவறைத் தரைக்கும் கீழே போகிற மாதிரி பள்ளம் தோண்டினேன், செம்மண் பொடியாக உதிர்ந்தது. குழிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் கடப்பாரையால் துளை போட்டேன், அங்கேயும் காய்ந்த மண். கடைசியாக, சலித்த சாம்பலைச் சுவர் முழுக்கவும் தரை முழுக்கவும் தூவிவிட்டுக் கதவை மூடினேன். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்தாலும் சாம்பலில் கறுப்பாகத் தடம் விழும், இந்த வித்தை என்னைக் கைவிட்டதே கிடையாது. மறுநாள் பார்த்தால் சுவரில் தூவின சாம்பல் தூவினபடி, தரையில் தூவினது தூவினபடி, குழியில் மட்டும் விளிம்புவரை தண்ணீர். அதன்மேல் ஒரு பொட்டுச் சாம்பல் மிதக்கவில்லை.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்தான், ஊற்றா குளமா என்று ருசியில் தெரிந்துவிடும். இத்தனை நாளும் ஏனோ அதை மட்டும் செய்யாமல் இருந்தேன். அன்றைக்கு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். சீரகம். ஆறியும் ஆறாத இளஞ்சூடு வேறு.

எந்த ஊற்றில் சீரகம் ஊறும்? எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இத்தனை நாள் முட்டாளாக மண்ணைத் தோண்டியிருக்கிறேன், இவளல்லவா காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றுகிறாள்! மேலே ஏறிப்போய், "ஏட்டி, நீயா ஊத்துகே? என்னை வதைக்கதுக்கா?" என்று கத்தினேன். தங்கம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். ஒரு வருஷம் கழித்து என்னிடம் பேசின முதல் பேச்சு இதுதான்:

"ஊத்துகதுக்குத் தைரியம் இருந்திருந்தா அண்ணைக்கே ஊத்தியிருப்பேம்லா."

இருந்தாலும் பாருங்கள், மனுஷனுடைய சந்தேகம் எவ்வளவு கேடுகெட்டது, அப்போதும் அவளைத் தம்பியோடு மூன்று நாள் திருவட்டாற்றுக்கு அனுப்பினேன். குழியைத் துடைத்துக் காயவிட்டு, பலகைக் கதவைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அடுப்பில்கூட அந்த மூன்று நாளும் சீரகம் வேகவில்லை என்று விசாரித்தேன். மூன்றாம் நாள் திறந்தேன். விளிம்புவரை இருந்தது. இளஞ்சூடும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போகவில்லை. முந்தின நாள்தான் தங்கம்மை திரும்பி வந்திருந்தாள், மறுநாள் அவள் தம்பி மாட்டுவண்டியோடு வந்து அவளை ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். மத்தியானம் அரிக்கேன் விளக்கைப் பற்றவைத்து நிலவறைக்குள் இறங்கிச் சும்மா உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் இறங்கி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வெளியே கொளுத்துகிற வெயில், மேலே கோழி கொக்கரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல்ல" என்றாள். "அண்ணு ராத்திரி நீங்க வைத்தியரத் திரும்பக் கூப்பிடப் போனியல்லா. அப்ப நான் இதுக்குள்ள இறங்கி ஒரு செம்பு மோந்துட்டுப் போனேன். போறதுன்னா குடிச்சிட்டே போவட்டும்னு போனேன். வாய்கிட்ட கொண்டுபோனா பிள்ள வாய இறுக்கி மூடிக்கிட்டு. 'அப்பா ஏசும், வேண்டாம்மா'ன்னு சொல்லிச்சு. 'அப்பா குடின்னு சொல்லட்டும், குடிக்கேன்'னு சொல்லிச்சு. மீறி ஊத்த எனக்குத் தைரியம் வரல்ல. நீங்க வந்து சொல்லுவியன்னு நாங்க ரெண்டுபேரும் இருந்தோம்."

நான் வைத்தியர் வீட்டிலிருந்து வந்து என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'ஒரு சொட்டு குடுத்துராத' என்று சொல்லிக்கொண்டேதான் வாசற்படி ஏறினேன்.

அழுதேன். ஆண்பிள்ளை அழுததைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, என் அப்பன் செத்தபோது அழாதவன், அன்று அந்தச் சுண்ணாம்புத் தரையில் நெற்றியை முட்டி முட்டி அழுதேன். அழுதுகொண்டே, யாரிடம் சொல்கிறோம் எதற்குச் சொல்கிறோம் என்று யோசிக்காமல், குழியைப் பார்த்துச் சொன்னேன், "குடி மக்கா. அப்பா சொல்லுகேன்லா, குடி. அப்பா ஏசமாட்டேன். வேண்டிய மட்டும் குடி ரோசி."

இனிமேல் நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. தண்ணீர் இறங்கிற்று. கசிந்து இறங்கவில்லை, அது எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மடக்கு இறங்கி நின்றது. பிறகு ஒரு மடக்கு. மூச்சு வாங்குகிற நேரம் விட்டு இன்னொன்று. தங்கம்மை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. "மெதுவா மக்ளே, மெதுவா, பொரையேறும்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம், ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்த காரியமல்ல இது.

அடியில் ஒரு வாய்த் தண்ணீர் இருக்கும்போது நின்றுவிட்டது. காத்திருந்தோம், இறங்கவில்லை. "குடி மக்கா" என்று மறுபடி சொன்னேன், அப்படியே இருந்தது.

தங்கம்மை சொன்னாள், "அது ஒங்களுக்குள்ளதாக்கும். பாலு குடிச்சாலும், கருப்பட்டிக் காப்பி குடிச்சாலும் அப்பாவுக்குன்னு அடியில கொஞ்சம் வைப்பாள்லா. குடியுங்க."

சரிதான், வைப்பாள். வேலை முடிந்து வரும்போது மிச்சம் வைத்த போணிப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பாள். நான் குனிந்தேன், கையைக் குழிக்குள் விட்டேன், உள்ளங்கையில் அந்த இளஞ்சூடு தட்டினது. அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? பேதி. அந்தப் பானைத் தண்ணீர், பேதி கண்ட வீட்டுத் தண்ணீர் என்று நினைத்தேன். நினைத்தது ஒரு கண்சிமிட்டும் நேரம்தான், சத்தியமாக அதற்குமேல் இல்லை, கை அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் அந்தக் கடைசி வாயும் இறங்கிப் போயிற்று. குழியை நக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு ருசிதான் இருந்தது.

மறுநாள் வண்டி வந்தது, தங்கம்மை போகமாட்டேன் என்று தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னோடு பேசுகிறாள், சண்டைகூடப் போடுகிறாள். நிலவறையில் அதற்குப்பிறகு ஒரு ஈரம்கூட வரவில்லை. கசிவு எங்கே இருந்தது என்று ஊரில் கேட்பவர்களிடம் சுவரில் ஒரு வெடிப்பு, அடைத்துவிட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசி வாய் தானாக வற்றினதா, அல்லது அப்பா யோசிக்கிறார் என்று கண்டு அவளே எடுத்துக் குடித்துவிட்டாளா. தங்கம்மையிடம் ஒருநாள் கேட்டேன். "அவளுக்கு ஒங்க மேல கோவம் கிடையாது. நீங்க கைய நிறுத்தினது அவளுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள்.